பூ விழுந்த முதிரை

அவள் அந்தப் பலகையில் கை வைத்துவிட்டாள்.

மரக்காலையின் கடைசிக் கொட்டிலில் எத்தனையோ பலகைகள் சாத்தியிருந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதன் முன்னால் போய் நின்றாள். முதிரை மரம். ரேகை பூப்பூவாகச் சுருண்டு, வெயில் பட்ட இடமெல்லாம் மினுங்கியது.

“இது வடிவாயிருக்கு அப்பா. அவருக்கும் துவக்குக் கட்டை இப்பிடித்தானே போட்டனீங்கள்.”

கதிர்காமத்தம்பி பலகையைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பினார். இதை மட்டும் கேட்டுவிடக்கூடாது என்றுதான் வழி முழுக்க வேண்டிக்கொண்டு வந்தார்.

அவர் தச்சர். இடியன் துவக்குகளுக்குத் தோளில் அணைக்கும் மரக்கட்டை போடுவதில் அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆளில்லை. குழல் வாயில் மருந்தைக் கொட்டி, இடித்து, ஒரு வெடி வைக்கிற பழைய துவக்கு அது. தோட்டத்துக் காட்டுப்பன்றி கலைக்க அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் மகள் யோகமலரின் கல்யாணம். சீதனமாகக் கொடுக்கக் காணி இல்லை. கைவேலையைப் பார்த்தாவது ஊர் வாய் பிளக்கட்டும் என்று, மருமகன் தவராசாவின் துவக்குக்குத் தேடித் தேடிப் பூ முதிரை எடுத்தார்.

ஊரும் வாய் பிளந்தது. பந்தலில் அந்தத் துவக்கு கைமாறிக் கைமாறிப் போனதை ஓர் ஓரமாக நின்று பார்த்தார். பெருமையில் அன்று அவருக்குச் சோறுகூட இறங்கவில்லை.

கட்டையில் கைப்பிடிதான் மெலிந்த இடம். அங்கே ரேகை நேராக ஓடவேண்டும்; குறுக்கே ஓடினால் வெடி அதிர்வில் முறியும். தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம் இது. மருமகனுக்கு எடுத்த பலகையில் ரேகை பிடியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

கண்டார். கண்டும் எடுத்தார்.

போன மாசியில் கச்சான் கடலைத் தோட்டத்துக்குள் பன்றி வந்தது. தவராசா சுட்ட கணத்தில் பிடி முறிந்து குழல் சரிந்தது. குண்டு பன்றியின் பின்தொடையில் பட்டது.

பன்றி திரும்பியது.

கெட்ட காலம் என்றது ஊர். அவரும் தலையாட்டினார். தவராசா செத்து எட்டாம் நாள், எட்டுச்செலவு முடிந்த அன்று, முறிந்த கட்டையை அடுப்பில் வைத்து, அது சாம்பலாகும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

இப்போது அந்தத் துவக்கின் அனுமதிப்பத்திரம் அவள் பெயரில்; புதுக் கட்டைக்குப் பலகை எடுக்கத்தான் வந்திருந்தார்கள். அரசாங்கக் கச்சேரிக்கு ஆறு தரம் அலைந்து மாற்றி எடுத்திருந்தாள். தோட்டம் இரண்டு ஏக்கர், குழந்தை ஒன்று, காவலுக்கு அவள் ஒருத்தி.

அந்தப் பூ விழுந்த பலகை இன்னும் காயவில்லை என்றார் கதிர்காமத்தம்பி.

அவள் மரக்காலைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்த மனிதர் வாயில் சனி. ஐந்து வருடம் நிழலில் காய்ந்த சாமான் என்று புகழ்ந்து தள்ளினார்.

புழு குத்தியிருக்கும் என்றார். அவள் பலகையைப் புரட்டிக் காட்டினாள். ஒரு துளை இல்லை.

பாரம் கூடுதல், தோள் நோகும் என்றார். நோகட்டும் என்றாள். தன் புருசன் பிடித்த மாதிரியே ஒன்று தன் கையிலும் இருக்கவேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

அவர் பலகையின் விளிம்பைத் தடவினார். பிடி எங்கே வரும் என்று விரல் தானாகப் போய் நின்றது. அதே இடம். அதே குறுக்கு ஓட்டம்.

பேசாமல் எடுத்துப் போகலாம். மகள் மகளாகவே இருப்பாள், அடுத்த பன்றி வரும்வரை.

“அவருக்கும் வடிவைப் பாத்துத்தான் எடுத்தனான், பிள்ளை. பிடியில ரேகை குறுக்கால ஓடினது அண்டைக்கே எனக்குத் தெரியும்.”

முன்பக்கத்தில் மரம் அறுக்கும் வாள் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

பிறகு அவளே குனிந்து, அடியில் கிடந்த ஒரு மங்கல் பலகையை இழுத்தாள். பார்க்க ஒன்றுமில்லாத பலகை. ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓடியது.

கட்டைக்கு அளவு, சுடுகிறவரின் கையில்தான் எடுப்பார்கள். முழங்கை மடிப்பில் தொடங்கி ஆள்காட்டி விரலின் முதல் கணுவரை. அவர் மடியிலிருந்து நூலை எடுத்துக்கொண்டு அவளுடைய கையைப் பிடிக்கப் போனார்.

அவள் நூலை வாங்கிக்கொண்டாள்.

ஒரு நுனியை முழங்கை மடிப்புக்குள் வைத்து இறுக்கினாள். மற்ற நுனியை இடக்கையால் விரல்வரை இழுத்தாள். வழுகியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் வழுகியது. மூன்றாம் தரம் சரிவந்தது. அளவு வந்த இடத்தில் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

அவர் நீட்டிய கையோடு நின்றார்.

நூலைப் பலகையின் மேல் வைத்தாள்.

வரும்போது அவருடைய மோட்டார்சைக்கிளில் வந்தவள், வீடு திரும்ப ஒட்டுசுட்டானுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று மரக்காலைக்காரரிடம் கேட்டாள்.