புதன்கிழமை ஊசி

"மூணு புதன்கிழமையா சொல்லி அனுப்புறேன். எட்டிப் பார்த்தியா நீ? பெத்த புள்ளைமேல அக்கறையே கிடையாதா?"

காலனியே வேடிக்கை பார்க்க, நர்ஸ் ஷைனி அமிர்தத்தைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

அமிர்தத்தின் இடுப்பில் பத்து மாதத் தமிழ்நிலா. தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. அடுத்த தெருக் குழந்தை ஒன்று தட்டம்மை கண்டு கடலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது.

"புதன்கிழமைன்னா வேலை செய்யிற வூட்ல வுடவே மாட்டேன்றாங்க நர்சம்மா."

"குவார்ட்டர்ஸ்ல பாத்திரம் தேய்க்கிறதுதான் உனக்குப் பெருசா? புள்ளைக்கு ஒண்ணுன்னா அவங்களா வந்து நிப்பாங்க?"

அமிர்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு எப்படியாச்சும் தூக்கிகினு வந்துடறேங்க. நீங்க இருங்க."

"நான் எங்க போகப்போறேன்? மூணு மணி வரைக்கும் சப் சென்டர்லதான் கெடப்பேன்."

மைன்ஸ் குவார்ட்டர்ஸில் இருக்கும் பெர்மனென்ட்காரர்களுக்கு எந்த நாளும் டாக்டர் உண்டு. மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களின் காலனிக்கு ஊசி என்றால் புதன்கிழமை ஒன்றுதான். அதையும் தவறவிடுகிறவர்களைக் கண்டால் ஷைனிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் புதன். குழந்தைகள் வந்தன, வீறிட்டு அழுதன, போயின. அமிர்தம் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு குவார்ட்டர்ஸ் மகளிர் மன்றத்திலிருந்து கார் வந்து நின்றது. சிறந்த சேவைக்காக இன்று ஷைனிக்குச் சால்வை போடுகிறார்கள். இனிமேல் அமிர்தம் எங்கே வரப்போகிறாள் என்று, மிச்ச மருந்தை ஐஸ் பெட்டியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு காரில் ஏறினாள்.

மன்றத் தலைவி பொற்கொடி மேடம் சீஃப் என்ஜினியரின் மனைவி. அவரே தன் கையால் சால்வை போர்த்தினார். மைக்கைப் பிடித்ததும் ஷைனிக்குப் பேச்சு தானாக வந்தது.

"எவ்வளவு சொன்னாலும் சில தாய்மார்களுக்கு உறைக்கிறதில்லீங்க. நேத்துகூட ஒருத்தி கண்டிப்பா வர்றேன்னு அழுதா. இன்னிக்கு ஆளையே காணோம். பெத்த புள்ளைக்காக அரை மணி நேரம் ஒதுக்க முடியலைன்னா அவங்கல்லாம் என்ன அம்மா?"

பொற்கொடி மேடம்தான் முதலில் கை தட்டினார். "அதுங்களுக்கெல்லாம் பொறுப்பு பத்தாது" என்று உச்சுக்கொட்டவும் செய்தார்.

கூட்டம் முடிந்து டீ வந்தது. தட்டை நீட்டியவள் அமிர்தம்.

ஷைனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ இங்க என்ன பண்ற?"

மேடமே பதில் சொன்னார். "நம்ம வீட்ல வேலை செய்யறவதான். புதன்கிழமை மீட்டிங்னா இவ போடற பஜ்ஜி இல்லாம ஆகாது. இன்னிக்குன்னு பார்த்து லீவு கேட்டா பாருங்க! அப்படியே வேலைய விட்டு நின்னுடுன்னேன். ஒரே கெஞ்சல். சரி தொலையட்டும்னு அரை மணி நேரம் விட்டேன். பரவாயில்ல, போன சுருக்குல வந்துட்டா."

மேடம் அடுத்த விருந்தினரைக் கவனிக்கப் போய்விட்டார்.

"சென்டருக்கு வந்தியா?" ஷைனியின் குரல் இறங்கியிருந்தது.

"புள்ளயத் தூக்கிகினு ஓடியாந்தேன் நர்சம்மா. பன்னண்டரை இருக்கும். கதவு பூட்டிக் கெடந்துச்சி."

அமிர்தத்தின் குரலில் கோபம் இல்லை. டீயை எடுத்துக்கொள்ளட்டும் என்று தட்டை ஏந்தியபடியே நின்றாள்.

ஐஸ் பெட்டி இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். இனி அடுத்த புதன்கிழமைதான்.

அன்றைக்கும் மன்றத்தில் மீட்டிங் உண்டு.