சூட்டில் கிளம்பாத சிவப்பு

ஜப்பானின் குரே துறைமுகத்துக்கு மேலே, செங்குத்தாக இறங்கும் சந்தின் உச்சியில், அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. மாலை வெயில் அதன் தாழ்ந்த மூக்கில் வழிகிறது. அதை விற்க வந்திருக்கும் குராமோச்சி, திறந்த கதவருகே நின்றபடி, சாவியை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. "இதுல பிஸ்டன் கிடையாதும்மா. அதுக்குப் பதிலா ஒரு முக்கோண ரோட்டர்தான் சுத்துது, அதான் இந்தச் சத்தம்." நகரப் பேருந்து ஓட்டும் சிகுசாவுக்கு அது தெரியும். "பெட்ரோலும் குடிக்கும், ஆயிலும் குடிக்கும். மாமாவ விரட்டிட்டு இதையாக்கா கொண்டாரப் போற?" என்று தம்பி தமோட்சு சிரிக்கிறான். "அணைச்சிட்டு மறுபடி கிளப்புங்க" என்கிறாள் சிகுசா. "சூட்டுல வேண்டாமே" என்று குராமோச்சி இழுக்கிறார். அவளே குனிந்து அவர் கையை விலக்கிச் சாவியைத் திருப்புகிறாள். சட்டென்று விழுந்த அமைதியில் கீழே கப்பல் பட்டறையின் சம்மட்டி கேட்கிறது. மறுபடி திருப்புகிறாள். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. குராமோச்சி தன் செருப்பைப் பார்க்கிறார். "ஆறினா கிளம்பிரும்." "தெரியும். உள்ள ரோட்டரோட சீல் தேஞ்சிருக்கு, சூடானா அழுத்தம் நிக்காது. எஞ்சின இறக்கி வேலை பாக்கணும். பரவால்ல, எடுத்துக்கிறேன்." தமோட்சுவின் சிரிப்பு நின்றுவிடுகிறது. "உனக்கென்ன கிறுக்காக்கா?" "உங்க மாமா கடைசிவரைக்கும் குடிக்கவே இல்லேன்னு சத்தியம் பண்ணினாரு. இது மொத நாளே தன் கோளாறச் சொல்லிருச்சு." உள்ளே அமர்ந்து கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரைப் போடுகிறாள். "அவரத் தூக்கிட்டு வந்து வந்து பழகின தோளுதானே. தள்ளு." முனகியபடி அவன் தோளைக் கொடுக்கிறான். சக்கரங்கள் சரிவில் உருள்கின்றன, அவள் கிளட்சை விடுகிறாள். ஒரு குலுக்கல், ஓர் உறுமல், தமோட்சுவின் முகமெல்லாம் நீலப் புகை.