கூப்பிடாமல் நின்றவன்

"உன் வாயை என்ன தச்சா வச்சிருக்கு? அண்ணன் மரத்து உச்சிக்குப் போறான். நீ கீழே நின்னு வேடிக்கை பார்த்திருக்கே. ஒரு குரல் கொடுத்தா முத்தா உதிர்ந்துடும்?"

ஆஸ்பத்திரி நடையில் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் சின்னவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஆறு வயது. ஒரு காலில் மட்டும் ஷூ. தலைமுடியில் காய்ந்த இலைத் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"விடுங்க, அது குழந்தை" என்றாள் அம்மா.

"குழந்தையா? பக்கத்து வீட்டுக்காரன் தும்மினாக்கூட ஓடி வந்து சொல்ற வாய் இது. இன்னைக்கு மட்டும் பூட்டிக்கிச்சு."

அப்பாவுக்குக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. கழியும் கயிறும் பிடித்துப் பிடித்து உள்ளங்கை செருப்புத்தோல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடந்துகொண்டே பேசினார். பேச்சை நிறுத்தப் பயந்தவர் போலிருந்தது.

நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "ஐயா, கொஞ்சம் மெதுவா. உள்ளே நோயாளிங்க இருக்காங்க."

"ஏரிக்கரையில இலையெல்லாம் சிவந்து கிடக்காம், பசங்களை ஒரு நாள் கூட்டிட்டுப் போகலாம்" என்று நச்சரித்தவள் அம்மாதான். இலை கொட்டி முடிவதற்குள் போய்விட வேண்டுமே என்று இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் கிளம்பினார். போனதும் சின்னவன் ஒரு ஷூவை ஏரிக்குள் விட்டான். அதை எடுக்கப் போன மூத்தவன் இடுப்புவரை சேறானான். அப்புறம் ரெண்டும் சேர்ந்து, கூட்டிக் குவித்திருந்த இலைக்குள் குதித்துக் கலைத்துத் தோட்டக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டன. அதைப் பார்த்து அப்பாகூடச் சிரித்தார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

ரொட்டியும் முட்டையும் தின்றதும் அவருக்கு அலுப்பில் கண் அசந்துவிட்டது. அம்மா சேறான ஷூவைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். அவர் கண் விழித்தபோது மூத்தவன் உச்சிக் கிளையில், எல்லாவற்றிலும் சிவப்பான ஓர் இலைக்குக் கை நீட்டி நின்றிருந்தான். அடுத்துப் பார்த்தபோது தரையில் கிடந்தான்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார்.

"முழங்கை எலும்பு நொறுங்கியிருக்கு. கம்பி வச்சுத்தான் சேர்க்கணும்."

"கை பழையபடி ஆயிடும்ல, டாக்டர்?" என்றாள் அம்மா.

"முழுசா நீட்ட வருமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. பார்க்கலாம்."

டாக்டர் போய்விட்டார். கை நீளாத ஆளை எந்த வேலைக்கும் கூப்பிடமாட்டார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். அப்படி ஒருவர் வேலைத்தளத்தின் வாசலில் தினமும் வந்து நின்றுவிட்டுப் போவதை அவர் பார்த்திருக்கிறார்.

"கேட்டியாடா? உங்க அண்ணன் கை இனிமே நீளுமோ நீளாதோ. அந்த இலை வேணும்னு கேட்டவன் நீதானே? அவன் ஏறும்போதே ஒரு சத்தம் போட்டிருந்தா இறங்கியிருப்பான். கல்லு மாதிரி நின்னிருக்கே."

இந்த முறை அம்மாவும் தடுக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"ஏன்டா கண்ணு கூப்பிடலை?"

சின்னவன் உதட்டைக் கடித்தான்.

"சொல்லு. யாரும் அடிக்கமாட்டாங்க."

"அப்பாதான் சொல்லியிருக்காங்க."

"என்னன்னு?"

"மேலே நிக்கிறவங்களைக் கீழேயிருந்து கூப்பிடவே கூடாதுன்னு. கூப்பிட்டா திடுக்குன்னு திரும்புவாங்க, கால் தவறிடும்னு." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். "அதான் நான் மூச்சுகூட விடலை. விழுந்தா பிடிக்கலாம்னு ரெண்டு கையையும் விரிச்சு வச்சுக்கிட்டு நின்னேன்."

சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் சொல்வதுதான். கூட வேலை செய்தவன் ஒருவன் அப்படித்தான் போனான். அவளுக்கும் அது மனப்பாடம்.

அவர் நடப்பது நின்றிருந்தது.

"நீ ஒண்ணும் தப்பு பண்ணலைடா" என்றாள் அம்மா. "நல்லாத்தானே ஏறியிருக்கான். அப்புறம் எப்படி விழுந்தான்?"

சின்னவன் முதல் தடவையாக அப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பா எந்திரிச்சு, 'டேய்'னு கத்தினாங்க. அண்ணன் திரும்பிட்டான்."