விறகை எரித்தவர்கள்

மலையேறுபவர்கள் தங்கிப்போகும், காவலாள் இல்லாத அந்த மலைக்குடிலின் கதவு, எர்மேத்தே எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. மழை வேறு வலுத்துக்கொண்டிருந்தது.

"கீழ்ப்பக்கம் உதை," என்றாள் அவன் மனைவி நீவெஸ்.

உதைத்தான். திறந்தது. உள்ளே அடுப்பருகே ஒரு சுள்ளிகூட இல்லை.

"மொத்த விறகையும் எரிச்சிட்டுப் போயிருக்கான் பார். அடுத்து வர்றவன் விறைச்சுச் சாகணுமா? மலையேறத் தெரியாத ஜென்மங்க."

"விடு. மேல் பலகைல போர்வை இருக்கும்."

இருந்தது.

"குடிக்கத் தண்ணி?"

"பாறைக்குப் பின்னாடி ஊத்து இருக்கு."

தொப்பலாக நனைந்து தண்ணீரோடு திரும்பியவனுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. "தங்கினவங்க பேர் எழுதற நோட்டு எங்க? யாருன்னு பாத்து மலையேற்றச் சங்கத்துல புகார் குடுக்கறேன்."

"இப்படிப்பட்டவங்க உண்மையான பேரையா எழுதுவாங்க?"

"எழுதியே ஆகணும். காணாமப் போனா மீட்புக்காரங்க இத வெச்சுத்தான் தேடுவாங்க. வீட்ல என்ன வேணா பொய் சொல்லு, இந்த நோட்டுல மட்டும் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

நீவெஸ் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எர்மேத்தே அதைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான்.

'செப்டம்பர் 14 முதல் 16 வரை. மூன்று நாளும் மழை. விறகு முழுவதையும் எரித்துவிட்டோம். அடுத்து வருபவர்கள் மன்னிக்கவும். சில்வானோ, நீவெஸ்.'

யாரோ ஓர் ஆணின் பெயரோடு அவள் பெயர்; தங்கை வீட்டுக்கென்று அவள் போயிருந்த அதே மூன்று நாட்கள்.

எர்மேத்தே மெல்ல நிமிர்ந்து பார்த்தான்.

"நீதானே சொன்ன," என்றாள் நீவெஸ், "இந்த நோட்டுல மட்டும் பொய் எழுதக் கூடாதுன்னு."