வெளிநாட்டவர் அட்டை

மாலை வகுப்புக்குப் போக நானும் ஜிங்கும் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி 5.40. போலீஸ்காரர் குறுக்கே வந்து நின்றார்.

ஜிங்கின் ஜப்பான் விசா போன வாரமே முடிந்துவிட்டது. பிடிபட்டால் சீனாவுக்கு அனுப்பிவிடுவார்கள். வாயைத் திறந்தால் உச்சரிப்பே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் என் கறுத்த முகத்தைத்தான் பார்த்தார். "வெளிநாட்டவர் அட்டையக் காட்டுப்பா."

"என்கிட்ட இல்ல சார்."

"இல்லாமயே ஊர் சுத்துறியா?" ஜிங்கிடம் திரும்பியதும் குரல் குழைந்தது. "இவன் ஏதாவது தொந்தரவு பண்றானாம்மா?"

அவள் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"நீங்க கிளம்புங்கம்மா. நம்ம பொண்ணுங்களுக்கு எதுக்கு இந்த மாதிரி ஆளுங்க சகவாசம்?"

ஜிங் குனிந்து வணங்கிவிட்டு நடைமேடைக்குப் படியிறங்கினாள்.

"பேரு என்ன?"

நான் அவள் இறங்கிய படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஜப்பான் பாஷை புரியலையா? பே...ரு?"

கீழே 5.46 வண்டி புறப்பட்டுப் போகும் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"முராகோஷி கென்தோ. அம்மா கானா நாட்டுக்காரங்க, அப்பா இந்த ஊரு. நான் ஜப்பான் குடிமகன். எங்களுக்கெல்லாம் அந்த அட்டை குடுக்க மாட்டாங்க சார்."