பெரிய கமெராதான் வேணும்

வவுனியா ஸ்ரூடியோவில் நின்றவர்கள்: சிற்றம்பலம், அவருடைய மகள் சுதாஜினி, நாளை மறுநாள் அவளைக் கட்டப்போகும் லண்டன் மாப்பிள்ளை அனோஜன், படமெடுக்கும் ராசு. தாலி ஏறும்வரை இருவரும் தனியாகப் பேசக்கூடாது என்பது சிற்றம்பலத்தின் சட்டம். அனோஜனுக்கு இந்தக் கலியாணத்தில் விருப்பமா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

“என்ர டிஜிற்றல் கமெராவில எடுத்த உடன பாக்கலாமே, மாமா?” என்றான் அனோஜன்.

“எனக்குப் பெரிய கமெராதான் வேணும்,” என்றாள் சுதாஜினி.

சிற்றம்பலத்துக்குப் பெருமை. “பிள்ளை சொல்லுறது சரி. என்ர கலியாணப் படத்தில மனிசியின்ர கூறைச்சீலை நூலை இப்பவும் எண்ணலாம்.”

ராசு பழைய பெரிய பிலிம் கமெராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, ஆறுதலாகப் படமெடுத்தார்.

“ஐயா, இருட்டறையில படம் கழுவுறப்ப வந்து பாருங்க. சிவப்பு வெளிச்சத்துல முகம் மெல்ல மெல்ல எழும்பி வரும். ஆனா முடியிறவரைக்கும் கதவு திறக்க ஏலாது.”

சிற்றம்பலம் ஆசையோடு இருட்டறைக்குள் போனார்.

ராசு சுதாஜினியின் பக்கம் குனிந்தார். “நேத்து நீங்க கேட்ட அரை மணித்தியாலம், தங்கச்சி. கதைச்சு முடிங்க.”

பிறகு தானும் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பூட்டினார்.