நம்பிராஜனைத் தேடும் கணினி

என் அரிசி மண்டிக் கணக்கெல்லாம் வீட்டு முன்னறையில் உள்ள கணினியில்தான் இருக்கிறது. கொஞ்ச காலமாக அதை இயக்கினால் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு வெகுநேரம் அப்படியே நிற்கிறது. லினக்ஸ் தெரிந்த இசக்கியை வரச் சொல்லியிருந்தேன். மகளைப் பெண் கேட்டு வந்த தென்காசிக்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து சேர்ந்தான்.

"அண்ணாச்சி, இது ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் தேடுது. யாரோ கழட்டிட்டுப் போயிருக்காவ. அதுக்கு நம்பிராஜன்னு பேரு வச்சிருக்கு. யாரு அது?"

தென்காசிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு ஒரே மகள், வேறு பிள்ளை இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். சாதி விட்டுப் போய்க் கல்யாணம் செய்தவனை எங்கள் குடும்பத்தில் பிள்ளை என்று சொல்வதில்லை.

"மண்டில முன்னால வேலை பார்த்தவன். அழிச்சிருலே."

"அந்தப் பேரு இருக்கது ஒரே வரிதான். அதை எடுத்துட்டா தேடாது, சட்டுனு எந்திரிச்சிரும்."

காபி டம்ளரை எடுக்க வந்த என் மனைவி அங்கேயே நின்றாள். "அவன் அதைத் திரும்பக் கொண்டாந்து மாட்டினா?"

"தானா சேத்துக்கிடாது மதினி. நாமதான் மறுபடி பேரை எழுதணும்."

"அப்படின்னா தேடட்டும்."

"வேலைக்காரனுக்கா தங்கச்சி இப்படிக் கண் கலங்குதீய?" என்றார் தென்காசிக்காரர் மெதுவாக.

இசக்கி விசையில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, அழிச்சிரட்டா?"

திரையில் அந்தப் பெயர் நின்றது. தென்காசிக்காரர் பார்க்க, நான் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தேன்.